சம்பளம் வேண்டாம் என்றவன்

தங்கையா அண்ணாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் விரல் வெற்றிலையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

"என்னல சொன்னே? இன்னொரு மட்டம் சொல்லு."

"சம்பளம் வேண்டாம் அண்ணாச்சி. காலேஜ் தொறக்க வரைக்கும் கடையில நிக்கேன். பருத்தி பாக்கப் படிச்சுக்கிடணும், அவ்வளவுதான்."

அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை பிச்சையா அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். கடைக்குள் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. எனக்குத் தும்மல் வந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் தும்மக்கூடப் பயமாக இருந்தது.

"சம்பளம் வேண்டாமாம்வே," என்றார் அண்ணாச்சி, நான் அங்கே இல்லாதது போல.

"கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்," என்றார் பிச்சையா.

சங்கரன்கோவிலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் இருந்தது அந்தப் பருத்திக் கமிஷன் கடை. சுற்றுப்பட்ட கரிசல் ஊர்களிலிருந்து சம்சாரிகள், அதாவது விவசாயிகள், வண்டி கட்டிக் கொண்டுவருகிற பருத்தியை வியாபாரிகளுக்கு விற்றுக்கொடுப்பது தொழில். நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பக்கத்துத் தெரு என்பதால் அண்ணாச்சிக்கு என்னை டவுசர் காலத்திலிருந்தே தெரியும். "ஏலே கோமதி" என்பதைத் தவிர வேறு மாதிரி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. முழுப்பெயர் கோமதிநாயகம். எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோமதிநாயகத்தின் மேலோ சங்கரநாராயணன் மேலோதான் விழும்.

"சரி, நாளைக்கு வா," என்றார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பல்லைப் பிடுங்க ஒத்துக்கொள்கிறவன் குரலில் சொன்னார்.

வெள்ளையாக இருக்கிறது

போன வாரம் இதே பத்தியில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? ஒரு வாசகி, "படிக்கிற காலத்தில் சாப்பாட்டைத் தவிர வேறு எதையுமே நீங்கள் யோசித்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். யோசித்தோம் அம்மா. வேலையைப் பற்றி யோசித்தோம். சாம்பாரைவிட அது இன்னும் தண்ணீராக இருந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பட்டம் வாங்கினவனை வாசலில் வந்து கூட்டிப்போவார்கள் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஹாஸ்டலில் யாரும் நம்பவில்லை. எங்களுக்கு முந்தின செட்டில் தேறினவர்களில் பாதிப் பேர், சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு ஹாஸ்டலுக்கே வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

அதில் ஒருவர் ஜெபராஜ். பொருளாதாரத்தில் காலேஜிலேயே முதல். தூத்துக்குடியில் ஒரு பெரிய பருத்திக் கம்பெனியில் வருஷா வருஷம் ஒன்றிரண்டு பட்டதாரிகளை எடுப்பார்கள். மாதச் சம்பளம், போனஸ், பென்ஷன் மாதிரி ஏதோ ஒன்று. ஜெபராஜ் கோட்டு தைத்துக்கொண்டு போனார். மேனேஜர் கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்து மேஜையில் வைத்து, "இதைப் பற்றிச் சொல்லு" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டோம்.

"வெள்ளையாக இருக்கிறது என்றேன்," என்றார் ஜெபராஜ்.

அவரை அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று படுக்கையில் கிடந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் பருத்தி விளைகிற சீமையில் பிறந்தவன்தான். எனக்கும் அது வெள்ளை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

மாமாவின் கெடு

எனக்கு அப்பா இல்லை. படிக்கவைத்தது அம்மாவின் அண்ணன், குருவிகுளம் பக்கம் மானாவாரி நிலமும் ஆட்டுக்கிடையும் வைத்திருந்த மாமா. நல்ல மனுஷர். ஆனால் படிப்பின் மேல் அவருக்குப் பெரிய சந்தேகம். பணத்தைக் கொடுக்கும்போதெல்லாம் திருடனிடம் கொடுப்பது போலத்தான் கொடுப்பார்.

"மருமகனே, ஒம் பரீட்சை முடிஞ்சு ரிசல்ட் வாரதுக்குள்ள கையில ஒரு வேலை ஆர்டர் இருக்கணும். இல்லன்னா கம்பை எடுத்துக்கிட்டு நம்ம கிடைக்கு வந்துரு. படிச்ச ஆட்டுக்காரன்னு ஒருத்தன் இருந்துட்டுப் போட்டும்."

கேலியாகச் சொன்னாலும் மாமா சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்தக் கரிசல் மேலே கோபம் எதுவும் கிடையாது. ஆனால் மேகத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே மாமாவுக்கு வயசாகிப்போனதைப் பார்த்தவன் நான். எனக்கு மேகம் வேண்டாம், மாதம் பிறந்தால் ஒண்ணாந்தேதிச் சம்பளம் வேண்டும். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

ஆகவே அந்தக் கோடை லீவில் இரண்டு காரியம் செய்வது என்று முடிவெடுத்தேன். ஒன்று, கிடைத்த ஆளிடமெல்லாம் இங்கிலீஷில் பேசிப் பழகுவது. இரண்டு, பருத்தி பார்க்கப் படிப்பது. பருத்தி வந்து இறங்குகிற காலமும் அதுதான். சம்பளம் கேட்டால் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் சம்பளம் வேண்டாம் என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்

மறுநாள் போனபோது எனக்கென்று ஒரு நாற்காலி கிடந்தது. பிச்சையா தன் துண்டாலேயே அதைத் தட்டித் துடைத்தார். அந்தக் கடையில் நாற்காலி என்று ஒன்று இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உக்காருங்க தம்பி."

பிச்சையா என்னை 'உக்காருங்க' என்றது முதல் அதிர்ச்சி. உட்கார்ந்ததும் பக்கத்துக் காப்பி கிளப்பிலிருந்து காப்பி வந்தது இரண்டாவது அதிர்ச்சி. வேலைக்கு வந்தவனுக்கு எவன் காப்பி வாங்கித் தருவான்?

நான் எழுந்து தாட்டுப் பக்கம் போனேன். தாட்டு என்பது பருத்தியைத் திணித்துத் தைத்த பெரிய சாக்குமூட்டை. பருத்தி பார்க்கிறவர்கள் அதன் வாயைப் பிரித்து, கையை முழங்கைவரை உள்ளேவிட்டு, அடிப்பருத்தியை உருவி எடுப்பார்கள். பிறகு இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் வைத்து இழைத்து, இழையின் நீளம் பார்ப்பார்கள். அதைப் படிக்கத்தான் நான் வந்தேன். ஆனால் நான் கையைவிடப் போன தாட்டையெல்லாம் யாராவது வந்து தூக்கிப் போனார்கள். ஒரு ஓரமாக நாலைந்து தாட்டை அடுக்கி, "தம்பி, நீங்க இதைப் பாருங்க" என்றார் பிச்சையா. பாலாடை மாதிரிப் பருத்தி. தூசியில்லை, ஈரமில்லை, கழிவான கொட்டுப்பருத்தி கலக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் உட்காரவைத்தது போல இருந்தது.

"பின்கட்டுல என்ன இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். அங்கே நிறையத் தாட்டுகள் போவதைப் பார்த்திருந்தேன்.

"பாம்பு கெடக்கு," என்றார் பிச்சையா சட்டென்று.

"பாம்பு கெடந்தா கோவில்ல நேந்துக்கிட வேண்டியதுதான?" எங்கள் ஊர்க் கோவிலில் பாம்புக்கு நேர்ந்துகொள்வது வழக்கம்.

"நேந்திருக்கோம். அதுவரைக்கும் நீங்க அங்கன போகாதீங்க."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் தப்பான சந்தேகம். அண்ணாச்சிக்குக் கல்யாண வயசில் ஒரு மகள் இருந்தாள். நாற்காலி, காப்பி, 'வாங்க போங்க' எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அண்ணாச்சி என்னை மாப்பிள்ளையாக்கத் திட்டம் போடுகிறார் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா புளியைக் கரைத்தபடியே, "ஒன் மூஞ்சிக்கா? அந்த அண்ணாச்சி காரணமில்லாம காப்பி வாங்கித் தாரவரு இல்ல. வேற என்னமோ இருக்கு. சூதானமா இரு," என்றாள்.

அம்மாவின் மூளை என் மூளையைவிட எப்போதும் ஒரு தெரு முன்னால் போகும்.

வாயால் சொன்ன விலை

அந்தக் காலத்துப் பருத்திக்கடையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். விற்கிறவர் சார்பில் தரகர் ஒரு துண்டை நீட்டுவார். வாங்குகிறவர் அதற்குள் கையைவிடுவார். துணிக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. அது பத்தா நூறா என்பது சரக்கைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிற எவனுக்கும் விலை தெரியாது. மாட்டுச் சந்தையிலும் இதே வழக்கம்தான்.

இந்த முறையை இங்கே விளக்குகிறேனே தவிர, அப்போது துண்டுக்குள் கை போகும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஏனென்றால் நான் வந்த நாளிலிருந்து அந்தக் கடையில் துண்டையே யாரும் எடுக்கவில்லை. அண்ணாச்சி நடுக்கடையில் நின்று, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி விலையைச் சத்தமாகச் சொன்னார். என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் பிச்சையா பில் போட்டார். பில் புஸ்தகத்தின் அட்டை அப்போதுதான் பிரித்தது போலப் பளபளவென்று இருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ஏமாற்றம் எனக்கு மட்டும் இல்லை. என் மாமாவே இரண்டு வண்டி பருத்தியோடு அங்கே வந்தார். அண்ணாச்சி பார்த்துவிட்டு விலையைச் சொன்னார், வாய்விட்டு.

மாமா காதைத் தடவிக்கொண்டார். "அது இருக்கட்டும். துண்டைப் போடும்."

"துண்டு எதுக்குவே? அதான் சொல்லுதேன்லா, அதான் வெலை."

"இவ்வளவு பேரு கேக்க ஒருத்தன் வெலை சொல்லுதாம்னா அது எப்படி நெச வெலையா இருக்கும்?" மாமா வண்டியில் ஏறினார். "நெசமான வெலையைத் துண்டுக்குள்ள வச்சிருக்கேரு. எனக்குக் காட்ட மாட்டேங்கேரு. நான் அடுத்த கடை பாக்கேன்."

அண்ணாச்சி சொன்னது நல்ல விலை. மாமா அடுத்த கடையில் அதைவிடக் குறைச்சலாகத்தான் விற்றார் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் துண்டுக்குள் விற்றார், திருப்தியாகப் போனார். மாமா மட்டும் இல்லை, வருகிறவர்களெல்லாம் அப்படித்தான். அண்ணாச்சி கடை வாசலில் வண்டி குறைந்தது. அண்ணாச்சிக்கு முகம் வற்றிப்போனது. என்னிடம் மட்டும் சிரித்தார்.

துண்டுக்குள்

லீவு முடியப்போகிற சமயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டு, அந்தக் கையை என் பக்கம் நீட்டினார்.

கடைசியில் மனுஷர் இறங்கிவந்துவிட்டார், எனக்குத் தொழில் சொல்லித்தரப் போகிறார் என்று நினைத்தேன். கையைத் துண்டுக்குள் விட்டேன். வியர்வையில் ஈரமான கை. அது என் இரண்டு விரல்களைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தியது.

எனக்கு அதற்கு அர்த்தம் தெரியாது. நன்றி சொல்லவேண்டும் என்றுதான் தோன்றியது. அவர் கையை முழுசாகப் பற்றிக் குலுக்கினேன்.

அண்ணாச்சியின் கண் விரிந்தது. "அஞ்சா?" என்றார், காற்றுப் போல.

நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். எதுவும் புரியாத இடத்தில் தலையை ஆட்டுவது காலேஜில் படித்த வழக்கம்.

அவர் மறுபடி மூன்று விரல்களைப் பிடித்தார். ஓஹோ, பேரம் சொல்லித்தருகிறார், விட்டுக்கொடுக்கக் கூடாது போலிருக்கிறது என்று நான் திரும்பவும் முழுக்கையைப் பற்றினேன். போன தடவையைவிடக் கொஞ்சம் உறுதியாக.

அவர் கையை உருவிக்கொண்டார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"தம்பி, ரொக்கமா அவ்வளவுக்குத் தாங்காது. இந்த வருசம் யாவாரம் எப்படின்னு நீங்களே பாத்தீய. வேற ஏதாச்சும் செய்யணும்னா சொல்லுங்க. செஞ்சு தாரேன்."

ரொக்கம் என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் 'வேற ஏதாச்சும்' என்பது விளங்கியது.

"தூத்துக்குடிக் கம்பெனியில ஒரு வேலைக்கு எழுதிப்போடலாம்னு இருக்கேன் அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுக்காகத்தான் இங்கன வந்ததே."

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல விட்டது. "அதுக்காகத்தானா? இத மொதல்லயே சொல்லப்பிடாதா? அவங்களும் நம்மட்ட சரக்கெடுக்கவங்கதான். சொல்லிப்புடுதேன், முடிஞ்சதுன்னு வச்சுக்கிடுங்க," என்றார்.

எனக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவர் என்னைவிடக் கீழே குனிந்து பதில் கும்பிடு போட்டார்.

பிச்சையா கேட்ட பங்கு

அன்று சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிச்சையா என்னைப் பிடித்தார். புளியங்குடி பஸ்ஸிலிருந்து எலுமிச்சங்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

"தம்பி, அண்ணாச்சிகிட்ட பேசி முடிச்சாச்சு போல. நானும் ரெண்டு மாசமா வாயைத் தெறக்காம இருந்திருக்கேன். என்னையும் கொஞ்சம் கவனிக்கணும்."

"எதைப் பேசி முடிச்சேன்?"

"எங்கிட்ட எதுக்கு மறைக்கீய? எல்லாருக்கும் தெரியுமே. சேல்ஸ் டாக்ஸ் ஆளுன்னு."

"யாரு சேல்ஸ் டாக்ஸ்?"

"நீங்கதான்."

எலுமிச்சங்காய் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். விசாரிக்க விசாரிக்க விஷயம் வெளியே வந்தது. லீவுக்கு வந்தபோது திருநெல்வேலி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு வெளியூர்க்காரர். சொல்லியிருந்தேனே, கிடைத்த ஆளிடமெல்லாம் இங்கிலீஷ் பேசுவது என்று. வழிநெடுக அவரிடம் இங்கிலீஷில் பேசினேன். இறங்கியதும் அவர் படுக்கை மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அவர் தங்கவேண்டிய இடம்வரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன். அவர்தான் ஊருக்குப் புதிதாக வந்த விற்பனைவரி அதிகாரி. எனக்கு அது தெரியாது. ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த நாள் காலையில் நான் அண்ணாச்சி கடைக்குப் போய், சம்பளம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சம்பளம் வேண்டாம் என்கிறவனுக்கு வேறு எங்கிருந்தோ சம்பளம் வருகிறது. இதில் யாருக்குச் சந்தேகம் இருக்க முடியும்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

துண்டுக்குள் இரண்டு விரலுக்கும் முழுக்கைக்கும் என்ன கணக்கு என்று பிச்சையா அப்போதுதான் சொன்னார். பின்கட்டில் கிடந்தது பாம்பு இல்லை, கணக்கில் வராத தாட்டு என்பதும் அப்போதுதான் விளங்கியது. அண்ணாச்சி எனக்கு லஞ்சம் பேசியிருக்கிறார். நான் ஒரேயடியாக மேலே ஏற்றிக் கேட்டிருக்கிறேன்.

இல்லை என்றால் ஆமாம்

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அண்ணாச்சி ஆத்திரத்தில் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். தூத்துக்குடிக்குச் சொல்கிற வார்த்தை போகும். அது போனால் வேலை போகும். மாமாவின் கம்பு என் கைக்கு வரும். சொல்லாவிட்டால் வேலை கிடைக்கும். ஆனால் நான் வாங்கப்போவது வேலையில்லை, லஞ்சம். வேறு யாருடைய லஞ்சமோ.

எனக்குக் கோபமும் வந்தது. டவுசர் காலத்திலிருந்து பார்த்த மனுஷர், ஒரு பஸ் பயணத்தை வைத்து என்னை இப்படி நினைத்துவிட்டாரே என்று.

காலையில் நேராகப் போனேன். கடையில் எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நான் வரி ஆபீஸ் ஆளு கிடையாது. அந்த ஆபீசரை எனக்குத் தெரியாது. பஸ்ல பேசினேன், மூட்டையைத் தூக்கினேன், அவ்வளவுதான். அம்மன் சத்தியமா நான் பருத்தி பாக்கப் படிக்கத்தான் வந்தேன். நேத்துப் பேசினது எனக்குப் புரியல. நீங்க எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

தராசுத்தட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வெற்றிலையை மென்றபடி ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பிச்சையா பக்கம் திரும்பினார்.

"கேட்டீராவே? தம்பி ஆளு இல்லையாம்."

"அப்படித்தானே சொல்லுவாங்க," என்றார் பிச்சையா மரியாதையாக.

"அண்ணாச்சி, சத்தியமா…"

"போதும் தம்பி, போதும்." எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். காதோரம் குனிந்தார். "இவ்வளவு பேருக்கு முன்னால ஒடச்சுச் சொல்லிட்டீய. இனி எவனுக்கும் சந்தேகம் வராது. நல்ல மூளை. தூத்துக்குடி விசயத்த நான் மறக்க மாட்டேன்."

நான் எவ்வளவுக்கு எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு பெரிய அதிகாரியானேன்.

மூன்று கைப்பிடி

தூத்துக்குடியிலிருந்து அழைப்பு வந்தது கடைசி வருஷப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால். மேனேஜர் வடக்கே இருந்து வந்தவர், தமிழ் சுத்தமாகப் பேசினார். மேஜையில் மூன்று கைப்பிடிப் பஞ்சு.

முதலாவதைத் தொட்டேன். அண்ணாச்சி கடையில் எனக்கென்று ஒதுக்கிய தாட்டுகளில் அதைத்தான் இரண்டு மாதம் தடவிக்கொண்டிருந்தேன். "இது எங்க ஊர்க் கருங்கண்ணி," என்றேன். கருங்கண்ணி எங்கள் கரிசலில் விளைகிற பருத்தி. மற்ற இரண்டையும் இழைத்து இழைத்துப் பார்த்தேன். "இது ரெண்டும் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தங்கையா எனக்கு உன்னைப் பற்றிப் பலமுறை ஆள்விட்டுச் சொன்னார். சொந்தத் தம்பி மகனுக்கே அவர் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு நீ என்ன செய்தாய்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், படுக்கை மூட்டை, நாற்காலி, பாம்பு, துண்டு எல்லாம். மேனேஜர் சிரித்த சிரிப்பில் மேஜையிலிருந்த பஞ்சு பறந்தது. வேலை கிடைத்தது.

உண்மையை நம்பி அவர் வேலை கொடுத்தாரா? அல்லது, வரி ஆபீஸ் ஆள் எங்கேயோ இருப்பதைவிட நம்மிடமே இருக்கட்டும் என்று கொடுத்தாரா? அவரோடு பல வருஷம் வேலை பார்த்தேன், கேட்கத் துணியவில்லை. சிலசமயம், முக்கியமான கணக்குப் பேசும்போது, நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்துவார்.

தெருக்கதவு

ஆர்டரை மாமாவிடம் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல கவர்மெண்டு சீல் இல்லையே?"

"இது கம்பெனி மாமா."

"வெளிய அப்படித்தான் சொல்லணும் போல," என்று கண்ணைச் சிமிட்டினார். அன்றிலிருந்து என் படிப்பின் மேல் அவருக்கு இருந்த சந்தேகமெல்லாம் போய்விட்டது.

வேலைக்குப் போவதற்கு முன்னால் அண்ணாச்சிக்கு நன்றி சொல்லப் போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். "வாங்க சார்," என்றார். நான் உட்காரும்வரை உட்காரவில்லை. எனக்கு ஒரே ஒரு தடவை 'ஏலே' என்று கூப்பிடமாட்டாரா என்று இருந்தது. கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரைக்கும் கூப்பிடவே இல்லை.

லீவில் ஊருக்கு வந்தால் நான் போகிற கடையெல்லாம் பேச்சு அடங்கும். சங்கரன்கோவில் காய்கறிக்கடையில் கத்தரிக்காய்க்குப் பில் வாங்கின ஒரே மனுஷன் நானாகத்தான் இருப்பேன். கேட்காமலே போட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு தடவை அந்தப் பில்லையும் கத்தரிக்காயையும் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஏதோ கேட்க நினைத்து, நினைத்து, விட்டாள். பிறகு கேட்டாள்.

"ஊருக்கு ஆயிரம் சொல்லு. எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லக் கூடாதா மக்கா? அங்கன நீ என்ன வேலைதான் பாக்கே?"

"பஞ்சுதாம்மா பாக்கேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மா "சரி, சரி," என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு எழுந்து போய், யார் காதிலும் விழுந்துவிடாதபடி தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, "இப்பச் சொல்லு," என்றாள்.